தாய்சேய் வார்டில் செவிலியர் பயிற்சி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தாய்சேய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து, இப்போது அதே பிரிவுக்கு வரும் செவிலியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், தலைமைச் செவிலியர்கள், நிர்வாகிகள் என்று மூன்று தரப்பினரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. இங்கே வரும் மருந்தளவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களை ஒட்டியவை. வார்டில் அவரவர் மருத்துவமனை எழுதி ஒட்டியிருக்கும் நெறிமுறையே செல்லும்.

நர்சிங் முடித்து, பதிவும் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாக எதற்குப் பயிற்சி?

பொதுவான செவிலியர் படிப்பு நோயாளியைக் கவனித்துக்கொள்ளக் கற்றுத் தருகிறது. பிரசவத்துக்கு வரும் பெண் பெரும்பாலும் நோயாளி அல்லர். நல்ல உடல்நிலையில் நடந்து வருபவர், கால் மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்விடக்கூடும். கர்ப்பம் முற்றிய நிலையில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருப்பதால், ஒரு லிட்டர் வரை இரத்தம் போன பிறகும் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும். பொது வார்டில் பழகிய கண் ‘பிபி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லித் திரும்பிவிடும். பிரசவ வார்டில் பழகிய கண் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போவதைக் கவனித்துவிடும்.

செவிலியர் படிப்பை முடித்த ஒருவர் முழுத் தகுதியுள்ள மருத்துவச்சியாக மேலும் குறைந்தது 18 மாதங்களும், நேரடியாக அந்தப் படிப்பில் சேர்பவர் குறைந்தது 3 ஆண்டுகளும் படிக்க வேண்டும் என்று சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வரையறுத்திருக்கிறது. வார்டில் நாம் தரும் பணியிடைப் பயிற்சி அதற்கு ஈடாகாது. இருக்கும் செவிலியர் இருக்கும் வார்டில் இன்றிரவு பாதுகாப்பாக வேலை செய்வதற்கான ஏற்பாடு அது, அவ்வளவுதான்.

தாயைப் பார்க்க ஒருவர், குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று பிரித்துவிட்டு, தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தால் என்ன?

வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம், பயிற்சியைப் பங்கிடக் கூடாது என்பது என் கருத்து. குழந்தைக்கு வரவிருக்கும் ஆபத்து பெரும்பாலும் தாயின் கேஸ் ஷீட்டில் முன்பே எழுதப்பட்டிருக்கும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தால் அல்லது தாய்க்குக் காய்ச்சல் இருந்தால், குழந்தைக்குக் கிருமித்தொற்று வரலாம். தாய்க்கு நீரிழிவு இருந்தால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை பிறந்த சில மணி நேரத்துக்குள் இறங்கக்கூடும். தாய்க்கு வலிப்பைத் தடுக்கும் மருந்தான மெக்னீசியம் சல்பேட் போயிருந்தால் குழந்தை துவண்டு, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம்.

குழந்தைப் பிரிவுச் செவிலியருக்கு இந்தத் தாளைப் படிக்கத் தெரியாவிட்டால், எதைத் தேட வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. அதேபோல், குழந்தை பால் குடிக்கவில்லை என்று தாய் சொல்லும்போது, அதைத் தாயின் புகாராக மட்டும் எழுதிவிட்டுப் போகும் பிரசவ வார்டுச் செவிலியர், பச்சிளங்குழந்தையின் முதல் அபாய அறிகுறியைக் கைநழுவ விடுகிறார்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் சொன்னால் குழம்பிப்போகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

தாமதித்தால் உயிர் போகும் விஷயங்களிலிருந்து. என் வரிசை இது: கை கழுவுதல், குழந்தையின் வெதுவெதுப்பு, குழந்தையின் மூச்சு, தாயின் இரத்தப்போக்கு, தாயின் இரத்த அழுத்தமும் வலிப்பும், அதன் பிறகு பாலூட்டலும் எடை குறைந்த குழந்தையின் பராமரிப்பும். பாடத்திட்டங்கள் பல, பெண்ணின் இடுப்பெலும்பு அமைப்பில் தொடங்கி, மூன்றாம் நாள் மாலையில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், குழந்தையின் மூச்சுக்கு வந்து சேர்கின்றன. அது தலைகீழ் வரிசை.

கை கழுவுதலை முதலில் வைப்பதற்கு வரலாறே காரணம். 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்ததும், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வெதுவெதுப்பும் அதே அளவுக்கு எளியது, அதே அளவுக்கு மறக்கப்படுவது. பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குழந்தையை உடனே துடைத்து, ஈரத் துணியை அகற்றி, தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்தி, மேலே காய்ந்த துணியால் போர்த்தி, தலையை மூட வேண்டும். குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். குழந்தையின் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருப்பதே இலக்கு.

குழந்தை அழவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படித்திருக்கிறோம். பொம்மையை வைத்துக்கொண்டு ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்?

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து குழந்தைகளுக்குத்தான் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே ஒரு செவிலியருக்கு அந்தச் சந்தர்ப்பம் மாதத்தில் ஓரிரு முறை வரலாம், வராமலும் போகலாம். வரும்போது கையில் இருப்பது ஒரு நிமிடம். பிறந்த முதல் நிமிடத்துக்குள் குழந்தை மூச்சு விட்டிருக்க வேண்டும், அல்லது நாம் காற்று செலுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் படித்ததை நினைவுகூர்ந்து செய்ய முடியாது. கைப்பழக்கம் மட்டுமே கைகொடுக்கும்.

பயிற்சியில் அடிக்கடி காணும் பிழையைச் சொல்கிறேன். மாஸ்க்கை முகத்தில் அழுத்துகிறார்கள். அழுத்தியதும் தாடை மார்பை நோக்கி இறங்கி, மூச்சுக்குழல் மடங்கிவிடுகிறது. பையை எவ்வளவு அமுக்கினாலும் மார்பு எழாது. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வட்டமாக இருக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து, முகத்தை மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும். தலை இலேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மாஸ்க் முகவாயையும் வாயையும் மூக்கையும் மூட வேண்டும்; கண்ணின் மேல் படக் கூடாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்று செலுத்த வேண்டும். மார்பு எழவில்லையென்றால் மாஸ்க்கை மறுபடி பொருத்தி, தலையின் நிலையைச் சரிசெய்து, வாயில் சளி இருந்தால் எடுத்து, வாயைச் சற்றுத் திறந்து, பிறகே கூடுதலாக அமுக்க வேண்டும். இதைப் படிக்க எடுக்கும் நேரத்தில் அந்த ஒரு நிமிடத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

பொருள்கள் இருக்கும் இடமும் பயிற்சியில் சேர்ந்ததே. நான் பயிற்சிக்குச் சென்றிருந்த ஒரு மருத்துவமனையில், புத்தம் புதிய பையும் மாஸ்க்கும் தொலையாமல் இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. சாவி பகல் பணி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து என் முதல் வகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு பையை எடுத்து வரச் சொல்வதுதான்.

பயிற்சிப் பொம்மை வாங்க வழியில்லை. அப்போது?

மூச்சுக்கு மட்டும் பொம்மை அவசியம் வேண்டும். காற்று போனால் மார்பு எழுவதைக் கண்ணால் பார்க்காமல் அந்தத் திறன் வராது. ஒன்று இருந்தால் போதும், வார்டுகள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குச் சுருட்டிய துண்டு குழந்தையாகும், சிவப்பு நீர் இரத்தமாகும், சக செவிலியரே தாயாகிப் படுக்கலாம். விலையுயர்ந்த பொம்மை உறையோடு அலுவலக அறையில் நிற்பதைவிட இது மேல்.

இரத்தப்போக்கு அதிகமா இல்லையா என்று பார்த்தாலே தெரியாதா? அளந்துகொண்டிருக்க எங்கே நேரம்?

பார்த்தால் தெரியாது. அனுபவசாலிகளும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். போக்கு கூடக் கூட, மதிப்பீட்டின் பிழையும் கூடுகிறது. வகுப்பில் நான் செய்வது இது: சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து துணியிலும் பேடிலும் தரையிலும் ஊற்றிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தாம் நினைக்கும் அளவைத் தாளில் எழுத வேண்டும். 800 மில்லிலிட்டர் ஊற்றிய இடத்தில் 350, 400 என்ற எண்கள் வருவது வழக்கம். அந்தத் தாள்களைப் படித்துக் காட்டிய பிறகு, அளப்பது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

2023இல் வெளிவந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை உள்ளடக்கியது. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்து இரத்தத்தை அளந்ததோடு, போக்கு மிகுந்தால் கருப்பையைத் தேய்த்தல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, இரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், காரணத்தைத் தேடும் பரிசோதனை ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே தொகுப்பாகச் செய்யவும் செவிலியர்கள் பழக்கப்பட்டார்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவைச் சிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. மிகை இரத்தப்போக்கைக் கண்டுபிடித்த விகிதம், வழக்கமான முறையைப் பின்பற்றிய மருத்துவமனைகளில் 51 சதவீதமாகவும் இந்தப் பழக்கம் தரப்பட்ட மருத்துவமனைகளில் 93 சதவீதமாகவும் இருந்தது. கண்ணை மட்டும் நம்பிய இடங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கண்டுபிடிக்கப்படவே இல்லை என்று இதைப் படிக்க வேண்டும்.

அளவுவிரிப்பு இல்லாத இடத்தில் பேடுகளை எடைபோட்டு, அவற்றின் காய்ந்த எடையைக் கழித்தால் போதும்; ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டர் வரும்வரை காத்திருக்காமல், 300ஐத் தாண்டிய நிலையில் நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ மாறினாலே செயல்பட வேண்டும்; முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நாடித்துடிப்பு இங்கேதான் உதவுகிறது. குழந்தை பிறந்ததும் தாய்க்குப் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் என்ற கருப்பையைச் சுருக்கும் மருந்து இவை எல்லாவற்றுக்கும் முந்தைய காப்பு. அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடும் என்பதையும், டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராமைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்பதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

மெக்னீசியம் சல்பேட் என்றாலே எங்கள் செவிலியர்கள் பயப்படுகிறார்கள். டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். சரிதானே?

பயம் புரிந்துகொள்ளக்கூடியது, காத்திருப்பது சரியில்லை. 2002இல் வெளிவந்த ‘மேக்பை’ ஆய்வு, முன்சூல்வலிப்பு, அதாவது வலிப்பில் முடியக்கூடிய கர்ப்பகால உயர் இரத்த அழுத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நிறுவியது. முதல் அளவைக் கொடுக்கும் அதிகாரம் செவிலியருக்கு இருக்கும்படி மருத்துவமனை நெறிமுறை எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லையென்றால் பயிற்சிக்கு முன்னால் அதை எழுதி வாங்குங்கள்.

பயத்தின் உண்மையான வேர், மருந்தைக் கலக்கும் கணக்கில் இருக்கிறது. 4 கிராமை 20 சதவீதக் கரைசலாக்கி சிரையில் மெதுவாகச் செலுத்த வேண்டும். 50 சதவீத மருந்தில் 8 மில்லிலிட்டரும் ஊசிநீர் 12 மில்லிலிட்டரும் சேர்ந்தால் அது கிடைக்கும். ஆம்பூலின் செறிவு இடத்துக்கு இடம் மாறுவதால், மேலட்டையைப் படித்துச் சொல்லிக்கொண்டே கலக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்தடுத்த அளவுக்கு முன் மூன்று சோதனைகள்: மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டராவது வருகிறதா. ஒன்று இல்லையென்றாலும் மருந்து நிற்க வேண்டும். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதே தட்டில் தயாராக இருக்க வேண்டும். தட்டில் அது இருப்பதைக் கண்ட பிறகு பயம் பாதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிரசவ முன்னேற்ற வரைபடத்தைப் பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பினால் என்ன குறை? விவரம் எல்லாம் ஒன்றுதானே?

பிறகு நிரப்பப்படும் வரைபடம் தணிக்கைக்கான தாள். முன்னேற்றம் நின்றுபோனதையும் சிசுவின் இதயத்துடிப்பு மாறுவதையும் அந்த நேரத்திலேயே கண்ணில் படவைப்பதற்குத்தான் அந்த வரைபடம் உருவாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்புப் படிவம், தீவிரப் பிரசவம் கருப்பைவாயின் 5 சென்டிமீட்டர் விரிவில் தொடங்குவதாகக் கொள்கிறது; 4 சென்டிமீட்டரில் தொடங்கப் பழகியவர்களுக்கு இந்த மாற்றத்தை ஒரு முறைக்கு இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சியில் நிரம்பிய வரைபடத்தைக் காட்டி விளக்குவதைவிட, பாதி நிரம்பியதைக் கொடுத்து ‘இப்போது மணி மூன்று, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பதே பயன் தரும்.

தாய்ப்பால் கொடுப்பது இயற்கையாக வருவது. அதற்குக்கூடச் செவிலியருக்குப் பயிற்சி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும், பாலூட்டுவது தாயும் சேயும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. பயிற்சி இல்லாத செவிலியர் செய்வது என்னவென்றால், ஒரு கையால் மார்பையும் மறு கையால் குழந்தையின் தலையையும் பிடித்து இரண்டையும் சேர்த்து அழுத்துவது. குழந்தை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அழும்; தாய் தன்னிடம் பால் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். பிறந்த முதல் மணி நேரத்துக்குள், தோலோடு தோலாகக் கிடக்கும்போதே சீம்பால் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும், தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழிகாட்டுவதும் செவிலியர் கற்க வேண்டியவை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் நான்கு: வாய் அகலத் திறந்திருக்கிறது, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறது, முகவாய் மார்பைத் தொடுகிறது, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே இருப்பதைவிட மேலே அதிகமாகத் தெரிகிறது. இவற்றைப் படத்தில் காட்டினால் மறந்துவிடும். வார்டில் ஒரு தாயின் அனுமதியோடு ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் மறக்காது.

கங்காரு பராமரிப்பு என்பது இன்குபேட்டர் இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடுதானே?

தொடக்கம் அப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர்களும் போதாமல் தொற்றும் பரவிய நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது முதல்தரச் சிகிச்சை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பில் வைத்தபோது, முதல் 28 நாள்களின் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, கூடுமானவரை அதிகமாக வைக்க வேண்டும் என்று 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

செவிலியர் பயிற்சிக்கு இதில் இருக்கும் சவால் வேறு. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் போட வேண்டும். அங்கே வேலை செய்பவருக்குத் தாயின் இரத்தப்போக்கையும் தையலையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் கேள்வியில் பயிற்சியைப் பங்கிடக் கூடாது என்று சொன்னது இதற்காகவும்தான்.

ஐந்து நாள் நல்ல பயிற்சி கொடுத்தோம், எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழையபடி ஆகிவிட்டது. எங்கே தவறினோம்?

ஐந்து நாளோடு நிறுத்தியதில். டான்சானியாவின் ஹெய்டம் மருத்துவமனையில் நடந்ததை இதற்கு விடையாகச் சொல்வேன். பச்சிளங்குழந்தைக்கு மூச்சுதவி செய்யும் ஒருநாள் பயிற்சியை அங்கே கொடுத்தார்கள். பொம்மையின் மீது செவிலியர்களின் செயல்திறன் கூடியது. பிரசவ அறையில் உண்மைக் குழந்தைகளிடம் அவர்கள் செய்ததில் மாற்றம் தெரியவில்லை. அதன்பின், வாரந்தோறும் 3 முதல் 5 நிமிடம் வார்டிலேயே பொம்மையில் பழகுவது, மாதம் ஒருமுறை 40 நிமிடம் மறுபயிற்சி என்று மாற்றினார்கள். முதல் 24 மணி நேரத்தில் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 11 என்பதிலிருந்து 7 ஆகக் குறைந்ததாக 2015இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பயிற்சியின் பொருளடக்கம் மாறவில்லை; இடைவெளியும் இடமுமே மாறின.

ஆகவே ஐந்து நாளுக்குச் செலவிடும் மணி நேரங்களைக் கூட்டி, அதில் ஒரு பகுதியை முதல் வகுப்புக்கு வைத்துக்கொண்டு, மீதியை ஆண்டு முழுவதும் பிரசவ அறையின் ஓரத்தில் தெளித்துவிடுங்கள். பணி ஒப்படைப்பு முடிந்ததும் ஒருவர் பொம்மையில் ஒருமுறை காற்று செலுத்திவிட்டுத்தான் உள்ளே போவது என்ற வழக்கம் ஒரு வார்டில் வேரூன்றிவிட்டால், அங்கே பயிற்றுநருக்கு வேலை குறைந்துவிடும்.

ஆளே பற்றாத இடத்தில் யாரை எப்படிப் பயிற்சிக்கு விடுவது?

மேலே சொன்ன முறையில் யாரையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை நிர்வாகிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும்போது, பயிற்சி அந்தக் குறையை நிரப்பாது. பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை தாயின் நாடியையும் கருப்பையின் இறுக்கத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்ட செவிலியருக்கு, அப்படிப் பார்ப்பதற்கான நேரமும் வேண்டும். அனுபவமுள்ளவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு வார்டுக்கு மாற்றும் பழக்கத்தை நிறுத்தினாலே, பாதிப் பயிற்சிச் செலவு மிச்சமாகும்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்வு வைத்தால் போதுமா?

எழுத்துத் தேர்வு நினைவாற்றலை அளக்கும். செய்துகாட்டும் தேர்வு, அதாவது ஒவ்வொரு மேசையிலும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துப் பட்டியல் வைத்து மதிப்பெண் இடுவது, கையை அளக்கும். இரண்டும் போதாது; வார்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்து மாஸ்க் வைக்கும்வரை எத்தனை விநாடி ஆயிற்று, வார்டுக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேரின் உடல்வெப்பம் 36.5க்குக் கீழே இருந்தது, இரத்தப்போக்கு தெரிந்ததிலிருந்து மருந்து போகும்வரை எத்தனை நிமிடம் ஆயிற்று என்பவற்றை மாதந்தோறும் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இறப்பு விகிதம் உடனே குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, உத்தரப் பிரதேசத்தில் நடந்து 2017இல் வெளிவந்த ‘பெட்டர்பர்த்’ ஆய்வை நினைவூட்டுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை, வார்டுக்கே வந்து பக்கத்தில் நின்று பழக்கும் பயிற்றுநர்களைக் கொண்டு 60 மருத்துவ நிலையங்களில் புகுத்தினார்கள். செவிலியர்களின் செயல்முறை தெளிவாக மேம்பட்டது. ஆனால் தாய்சேய் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. பயிற்றுநர்கள் வருவது நின்றதும், மேம்பட்ட செயல்முறையும் ஓரளவு சரிந்தது. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. இரத்தம், அறுவை அரங்கு, ஆபத்தான தாயை மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி ஆகியவை பின்னால் நிற்காவிட்டால், நன்கு பழகிய கையும் ஓரெல்லைக்கு மேல் போக முடியாது.

டாக்டரைக் கூப்பிட்டால் ‘பார்த்துக்கொள்ளுங்கள், வருகிறேன்’ என்று வைத்துவிடுகிறார். செவிலியர் என்னதான் செய்ய முடியும்?

முதலில், என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று பார்க்க வேண்டும். ‘டாக்டர், மூன்றாம் கட்டில் பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை’ என்றால் யாரும் ஓடிவர மாட்டார்கள். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற நான்கையும் அரை நிமிடத்துக்குள் சொல்லப் பழக்க வேண்டும். ‘மூன்றாம் கட்டில் தாய்க்கு இரத்தம் 600 மில்லிலிட்டர் போயிருக்கிறது, நாடி 124. ஒரு மணி நேரத்துக்கு முன் சுகப்பிரசவம், நஞ்சுக்கொடி முழுமையாக வந்துவிட்டது. கருப்பை சுருங்கவில்லை என்று நினைக்கிறேன். ஆக்ஸிடோசினும் டிரானெக்ஸாமிக் அமிலமும் போய்க்கொண்டிருக்கின்றன. நீங்கள் உடனே இங்கே வர வேண்டும்.’ இப்படிச் சொன்ன பிறகு மறுமுனையில் இருப்பவர் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது அரிது.

அப்படியும் வராவிட்டால், அடுத்து யாரை, எத்தனை நிமிடத்தில் கூப்பிடுவது என்பது பெயரோடும் எண்ணோடும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே செல்வதைப் புகார் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று மருத்துவர்களும் அதே பயிற்சி அறையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். செவிலியருக்கு மட்டும் இதைக் கற்பிப்பது ஒரு கையால் தட்டுவது போன்றது.

தாயிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சேர்க்க வேண்டுமா? அது அவரவர் சுபாவம் அல்லவா?

சுபாவத்தை மாற்ற முடியாது, செயலை மாற்றலாம். உள்பரிசோதனைக்கு முன் சொல்லி அனுமதி பெறுவது, திரை போடுவது, வலியில் கத்துபவரை அதட்டாமல் இருப்பது, அவர் விரும்பும் ஒரு துணையை அருகில் இருக்கவிடுவது ஆகியவை கற்பிக்கவும் அளக்கவும் கூடியவை. இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. அதட்டப்பட்ட தாய், விடியற்காலையில் தன் துணி நனைந்து நனைந்து போவதைச் சொல்லத் தயங்குவார். வீட்டுக்கு அனுப்பும்போது கூறும் அபாய அறிகுறிகளையும் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். ‘குழந்தைக்கு என்ன ஆனால் திரும்பி வருவீர்கள், நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டால்தான், பால் குடிக்காமை, வேக மூச்சு, வலிப்பு, உடல் சூடு அல்லது சில்லிப்பு, முதல் நாளிலேயே வரும் மஞ்சள் நிறம் ஆகியவற்றில் எது மனத்தில் நின்றது என்று தெரியவரும்.

ஒரு தாய் இறந்துபோனார். அன்று பணியில் இருந்த செவிலியரை மறுபயிற்சிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. இது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அந்தச் செவிலியர்களே. மறுபயிற்சி தண்டனையாக வந்தால், அடுத்த முறை தவறு நேரும்போது வார்டு முழுவதும் அதை மறைக்கக் கற்றுக்கொள்ளும். அன்று நடந்ததை நிமிடவாரியாக எழுதிப் பார்க்கும் கூட்டம் முதலில் நடக்கட்டும். இரத்தப்போக்கு எப்போது தெரிந்தது, மருந்து எங்கே இருந்தது, யாரை எப்போது கூப்பிட்டார்கள், அன்றிரவு ஒரு செவிலியருக்கு எத்தனை தாய்மார் என்பவற்றைக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் கை தடுமாறியதோ அந்த ஒரு திறனை, அந்தச் செவிலியரை மட்டும் பிரித்தெடுக்காமல் முழுக் குழுவோடும் சேர்த்துப் பழக்க வேண்டும்.

அவர் மறுபடி பிரசவ அறைக்குள் வரும் முதல் நாளில் அருகில் ஒரு மூத்த செவிலியரை நிறுத்துங்கள். முதல் பிரசவத்தை அவரே பார்க்கட்டும். மூத்தவர் பின்னால் நின்று அளவுவிரிப்பின் கோட்டை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தால் போதும்.